சீ வகுப்பு

ஆவுடைபுரத்து ஆண்கள் தரையை விட்டு எழும்பிய வருஷத்தில் மாங்காய் அமோகமாகக் காய்த்தது, குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்தது, மற்றபடி சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை. ஆண்கள் எழும்பிய கதையை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இன்றைக்கும் வாயைப் பிளந்துகொண்டுதான் கேட்கிறார்கள். ஆவுடைபுரத்துப் பெண்கள் மட்டும் அதற்கு வாயைப் பிளந்ததே கிடையாது. கால் தரையில் பாவாத ஆம்பிளைகளைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். அதுவரை மனதுக்குத் தெரிந்தது அந்த வருஷம் கண்ணுக்கும் தெரிந்தது, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் மாசானமுத்து. பினாங்கில் ஒரு சீனக் கிழவரின் கருவாட்டு மண்டியில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவன், விசா முடிந்து ஊர் திரும்பும்போது தாடையில் முளைத்த நாலைந்து முடியைத் தாடி என்று சொல்லிக்கொண்டு, வழவழவென்று ஒரு கறுப்புச் சட்டை மாட்டிக்கொண்டு, தாவோ மாஸ்டர் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டு வந்து இறங்கினான். ஊர்க்காரர்களின் வாயில் அது தாவு மாஸ்டர் ஆனது. அந்தச் சீனக் கிழவர் நல்லவர்தான், பாவம். மனுஷனின் அடிவயிற்றில் ஒரு சூடு இருக்கிறது, அதற்குப் பேர் சீ, அதைக் கண்டபடி கொட்டித் தீர்க்கவும் கூடாது, பூட்டிப் புழுங்க வைக்கவும் கூடாது, முதுகுத்தண்டு வழியாக மெல்ல உச்சந்தலைக்கு ஏற்றி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்து முன்பக்கமாகத் தொப்புளுக்கு இறக்கிக்கொள், பிறகு பெண்டாட்டியிடம் அவசரப்படாமல் போ என்று கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மாசானமுத்து உச்சந்தலை வரைக்கும்தான் கேட்டான். அதற்குள் விசா முடிந்துவிட்டது. மிச்சத்தைச் சொந்த மூளையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டான். அந்த மூளையில் என்ன இருந்ததோ அதுதானே வரும்? நாக்கு மேலண்ணத்தில் பட்டால் ஏறினதெல்லாம் இறங்கிப்போய்விடும், ஆகவே படக்கூடாது, ஆகவே பேசக்கூடாது, பெண்டாட்டி பக்கமே போகக்கூடாது என்று பாடத்தை முடித்துவிட்டான்.

மூடிக்கிடந்த ஒரு தறிக் கொட்டகையில் போர்டு மாட்டினார்கள். 'சீ வகுப்பு. ஆண்களுக்கு மட்டும்.' சீ என்றால் ஆவுடைபுரத்தில் புண்ணில் பிடிப்பது, இல்லையென்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வது. மூன்றாவதாக ஒரு ச்சீயும் உண்டு, கதவைச் சாத்திய பிறகு பெண்கள் சொல்வது. போர்டைப் படித்துவிட்டு உள்ளே போன ஆண்களில் ஒருத்தனுக்காவது அது ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. நகைக்கடைக்காரர் சேர்ந்தார், பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர் சேர்ந்தார், ரெண்டு தறி முதலாளிகள் சேர்ந்தார்கள். ஊரில் நாலு பெரிய மனுஷர்கள் ஒரு குழிக்குள் இறங்கிவிட்டால் ஐந்தாவது ஆளுக்கு வெளியே நிற்கக் கூச்சமாகிவிடும். அப்படிக் கூச்சப்பட்டு இறங்கியவர்தான் செண்பகவடிவின் புருஷன் கோமதிநாயகம்.

கோமதிநாயகத்துக்குத் தேரடித் தெருவில் இலவம்பஞ்சு மெத்தைக் கடை. ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் சீர் மெத்தை அவர் கடையிலிருந்துதான் போகும். ஒரே மகள் மதுரையில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். செண்பகவடிவுக்கு நாற்பது ஆகப்போகிறது. மகள் போனபிறகு வெறிச்சென்று ஆகிவிடும் என்று அவள் பயந்திருந்த வீடு, நேர்மாறாக, கல்யாணமான புதிதில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வருகிற மனுஷன், கை கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டே, குரலைத் தணித்து, "ஏளா, வெயிலு என்னா அடி அடிக்கி. கதவச் சாத்து" என்பார். வெயிலுக்கும் கதவுக்கும் உள்ள சம்பந்தம் அவளுக்கு நன்றாகவே தெரியும். "ச்சீ, போங்க, பட்டப்பகல்ல" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சாத்துவாள். தலையெல்லாம் பஞ்சுத்தூசி ஒட்டிக்கொண்டு வருகிற அந்த மனுஷன் அவளுக்கு வேண்டியிருந்தது. அவர் "ஏளா" என்று கூப்பிடுவது வேண்டியிருந்தது. தாலி கட்டிய புருஷனை வேண்டும் என்று நினைக்க எதற்கு வெட்கப்பட வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள்.

வகுப்பில் முதல் பாடம் இதுதான். ஆசை எழும்பும்போது, எதைப் பார்த்து எழும்புகிறதோ அதை நேருக்கு நேர் பார்த்து, மூச்சை உள்ளே இழுத்து, அடிவயிற்றை இறுக்கி, சீ என்று சொல்லி மேலே ஏற்ற வேண்டும். மறுநாள் மத்தியானம் மணையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கோமதிநாயகம், ரசச் சட்டியை இறக்கக் குனிந்த பெண்டாட்டியை ஏறிட்டுப் பார்த்தார். பார்த்து, "சீ" என்றார்.

"என்னங்க? சோத்துல எதுவும் கெடக்கா?" என்று அவள் பதறிப்போய் இலையைப் பார்த்தாள்.

"சீ."

அவள் தன் சேலையைப் பார்த்துக்கொண்டாள், சுவரில் பல்லி இருக்கிறதா என்று பார்த்தாள், பிறகுதான் புருஷனைப் பார்த்தாள். கண் மேலே செருகியிருந்தது, முகத்தில் ஏதோ பதக்கம் வாங்கிய களை இருந்தது, மணைக்கும் அவருக்கும் நடுவே ஒரு தாம்பாளத்தைத் தாராளமாக நுழைக்கலாம் போல இடைவெளி இருந்தது.

"கொஞ்சம் மேல இருக்கிய" என்றாள் அவள். "மோர் ஊத்தட்டுமா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. அன்றைக்கே நகைக்கடைக்காரர் கல்லாவுக்கு மேலே எழும்பினார், பேங்க்காரர் சாய்வு நாற்காலியை விட்டு எழும்பினார், ஒரு வாரத்துக்குள் தேரடித் தெருவில் நடந்துபோகிற ஆணைப் பார்ப்பதே அபூர்வமாகி, பெண்களும் மாடுகளும் நடக்க, ஆண்கள் ஒரு சாண், ஒரு முழம் என்று அவரவர் இருப்புக்குத் தக்கபடி மிதந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஊர் அதற்கு ஒருநாள்கூட வேலையை நிறுத்தவில்லை. சலூன்காரர் ஒரு சின்ன ஏணி செய்துகொண்டார். டீக்கடையில் தொரட்டிக் கம்பின் நுனியில் வளையம் கட்டி, அதில் கிளாஸை வைத்து நீட்டினார்கள். உட்காராமலும் நிற்காமலும் வருகிறவனுக்கு சீட்டு தர வேண்டுமா என்று மினி பஸ் கண்டக்டர் கொஞ்சநாள் சண்டை போட்டுவிட்டு ஓய்ந்துபோனார். கோயிலில் பெரிய விவாதமே நடந்தது. கால்தான் தரையில் படவில்லையே, செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று கமிட்டி கையைத் தூக்கி முடிவெடுத்தது, கமிட்டியில் இருந்த அத்தனை பேரும் அப்போது மிதந்துகொண்டுதான் இருந்தார்கள். தறிகளில் அறுந்த நூலைக் குனிந்து முடிச்சுப் போட முடியவில்லை என்று ஆண்கள் கையை விரித்துவிட, பெண்கள் முடிச்சுப் போட்டார்கள். அதற்கு முன்பும் அவர்கள்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தூங்கும்போதுதான் தொந்தரவு. தூக்கத்தில் ஆள் மேலே போய்விடுவான், மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே அந்தக் கோடை முழுக்க ஆவுடைபுரத்தில் யார் வீட்டுப் படுக்கையறையிலும் ஃபேன் ஓடவில்லை. புருஷனின் இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றின் மறுநுனி கட்டில் காலில், கட்டிலில் பெண்டாட்டி வியர்வையில் ஊறிக்கொண்டு, மேலே புருஷன் சுவர்ப்பூச்சின் குளிர்ச்சியில் கன்னத்தை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டு. மாமியார்களுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. "எங்க வீட்டுப் பய நெலவாசல்ல இடிக்கான்" என்று ஒருத்தி சொல்ல, "எம் புள்ள உத்தரத்துல இடிக்கான்" என்று இன்னொருத்தி சொல்ல, கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு உயரத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். கல்யாணம் பண்ணி என்ன செய்யப்போகிறான் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஆரம்பத்தில் பகலில் இறங்கிவிடுவார்கள். கடையில் வாடிக்கைக்காரனிடம் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் நாக்கு மேலே பட்டுத்தானே ஆகும், பட்டதும் பொத்தென்று தரைக்கு வந்துவிடுவார்கள். மாசானமுத்து அதற்கும் வழி சொன்னான். பேச்சையே விட்டுவிட வேண்டும், சீ என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் வாயில் வரக்கூடாது, அப்போதுதான் நிரந்தரமாக உயரலாம். அவன் மட்டும் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினான். மாஸ்டர் ஏன் மிதக்கவில்லை என்று யாரோ சிலேட்டில் எழுதிக் கேட்டதற்கு, அந்த நிலையெல்லாம் தாண்டி வந்தாச்சு என்று சொல்லிவிட்டான். அதை நம்பினார்கள். பேசாமல் இருக்கிறவன் எதைத்தான் நம்பமாட்டான்?

கோமதிநாயகமும் பேச்சை விட்டார். கடையில் மெத்தையைக் கையால் தட்டிக் காட்டுவதோடு சரி. மத்தியானம் வீட்டுக்கு வருவார், வாசலில் குனிந்து நுழைவார், பெண்டாட்டியைப் பார்ப்பார், "சீ" என்பார், ஒரு சாண் உயர்வார். அவள் குளித்துவிட்டு வந்தால் சீ. பூ வைத்திருந்தால் சீ. ஒருநாள் அவள் வேண்டுமென்றே அவருக்குப் பிடித்த மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு பரிமாறினாள். அவர் அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்து, சீ சீ சீ என்று மூச்சுவிடாமல் சொல்லி, உத்தரத்தில் நங்கென்று இடித்துக்கொண்டார். தன்னைப் பார்த்து அவருக்கு இன்னும் ஆசை எழும்புகிறது என்று அதற்குச் சந்தோஷப்படுவதா, அந்த ஆசையை இந்த ஆள் ஏணியாக்கி ஏறிக்கொண்டிருக்கிறான் என்று எரிச்சல்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. சேலையை மாற்றுகிற சாக்கில் உள்ளே போய்க் கொஞ்சநேரம் அழுதாள்.

அழுது முடித்ததும் அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். பழையபடி அவர் வாயிலிருந்து ஒரு "ஏளா" வந்தால் போதும், நாக்கு மேலே பட்டு, ஆள் கீழே வந்துவிடுவார், அதற்குமேல் பார்த்துக்கொள்ளலாம். அதை எப்படியாவது வரவழைக்க வேண்டும் என்று பாடாய்ப் பட்டாள். குழம்பில் உப்பே போடாமல் வைத்து, "நல்லாருக்கா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினார். கடையில் பஞ்சு மூட்டை நனைந்துபோச்சு என்று பொய் சொன்னாள். முகம் வெளிறியது, வாய் திறக்கவில்லை. காரசாரமாகக் காந்தாரி மிளகாயை அரைத்துத் துவையலில் கலந்து வைத்த அன்றைக்கு, ஐயோ அம்மா என்றாவது கத்துவார் என்று காத்திருந்தாள். மனுஷன் கண்ணில் தண்ணீர் ஒழுக, "ஸ்ஸீ… ஸ்ஸீ…" என்று இழுத்து, அதிலும் ஒரு முழம் ஏறிவிட்டார்.

அடுத்த வீட்டுப் பேராச்சிக்கு வேறு விதமான கஷ்டம். அவள் புருஷன் தவசிக்கண்ணு நிலத் தரகர். வகுப்புக்குப் போகிறார், முக்கி முனகி எழும்புகிறார், அந்தச் சமயம் பார்த்து யாராவது தெருவில் போனால், "அண்ணாச்சி, அந்தக் குளத்தங்கரை எடம் என்னாச்சு?" என்று கேட்டுத் தொப்பென்று விழுகிறார்.

"மானமே போவுது மைனி" என்றாள் பேராச்சி குழாயடியில். "கணுக்காலு ஒசரத்துக்கு மேல ஏறவே மாட்டேங்காரு. எங்க மாமியா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேங்கா. நான் புடிச்சு இழுத்து வச்சிருக்கேனாம்."

"மானம் போனா போயிட்டுப் போவுது. ஆளு தரையில கெடக்காருல்லா" என்றாள் செண்பகவடிவு. "பேச்சுத்தொணைக்கு இருக்காருல்லா. பேச்சுக்கு மட்டுமா, எல்லாத்துக்கும்தான்."

"ச்சீ, போங்க மைனி!" என்று பேராச்சி குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, முகம் சிவக்கச் சிரித்துக்கொண்டு போனாள். செண்பகவடிவு நிரம்பி வழிகிற குடத்தை நகர்த்தாமல் அப்படியே நின்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் ச்சீ வந்து எத்தனையோ மாதமாகிவிட்டது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

ஆடி பிறந்ததும் மாசானமுத்து கயிறு அவிழ்ப்பு விழா அறிவித்தான். பக்கத்து ஊரிலும் எவனோ வகுப்பு தொடங்கிவிட்டானாம், அங்கே ஆட்கள் தென்னை மட்டைக்கு மேலே மிதக்கிறார்களாம், நாம் சும்மா இருப்பதா? கட்டி வைத்த கயிற்றை அவிழ்த்துவிட்டால் சீ தங்குதடையின்றி ஏறும், வானத்தைத் தொட்டபிறகு ஆசை என்பதே முளைக்காது, அதன்பின் ஆண் முழு ஆண் என்று மைக்கில் பேசினான். முழு ஆண் என்றால் என்ன என்று அவனுக்கே தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது, ஆனால் கைதட்டுவதற்கு அது போதுமானதாக இருந்தது. கயிற்றை அவரவர் பெண்டாட்டி கையால் அவிழ்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. தியாகமாம். அதற்குப் புதுச் சேலை உடுத்தி வர வேண்டுமாம்.

ஊருக்கு வெளியே பொட்டலில் பந்தல் போட்டார்கள், ரேடியோ செட் கட்டினார்கள், முளைகளை வரிசையாக அடித்து அதில் ஆட்களைக் கட்டினார்கள். காலை வெயிலில் ஆவுடைபுரத்துப் பெரிய மனுஷர்கள் வேட்டி பறக்க மேலே ஆடிக்கொண்டிருந்தார்கள். கீழே பெண்டாட்டிகள் முடிச்சருகே உட்கார்ந்திருந்தார்கள். தவசிக்கண்ணு மட்டும் மிதக்க வழியில்லாமல் பந்தல் ஓரத்தில் வடை தின்றுகொண்டு நின்றார், பக்கத்தில் பேராச்சி அவமானம் தாங்காமல் முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள்.

செண்பகவடிவு புதுச் சேலை உடுத்தவில்லை. முளைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்தாள். வெயிலில் கண் கூசியது. புருஷனின் உள்ளங்கால்கள்தான் முதலில் தெரிந்தன, வெளுத்து, குழந்தைக்கு இருப்பதுபோல மெத்தென்று ஆகியிருந்தன, அதைப் பார்த்து அவளுக்கு மனம் இளகியது.

"என்னங்க" என்றாள். "இத அவுத்துட்டா எங்க போய் நிப்பியளோ தெரியாது. எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஒருக்கா கூப்புடுங்க. எப்பவும் கூப்புடுவியல்லா, 'ஏளா'ன்னு. அப்படிக் கூப்புட்டு எறங்கி வந்துருங்க. ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

கோமதிநாயகம் கீழே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தொண்டை அசைந்ததை அவள் பார்த்தாள். அந்த நிமிஷம் அவள் மொத்த உயிரும் அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டுவிடுவார் என்று அவள் நம்பினாள். மைக்கில் மாசானமுத்து ம் என்று செருமினான், பக்கத்து முளையில் நகைக்கடைக்காரர் கோமதிநாயகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார், கோமதிநாயகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"சீ" என்றார்.

அவள் அவிழ்த்துவிட்டாள். கோபத்தில் அவிழ்த்தாள் என்று பிறகு சிலர் சொன்னார்கள். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. முடிச்சு இறுகிப் போயிருந்தது, நகத்தால் நெம்பி, பல்லால் கடித்து, மெனக்கெட்டு, பொறுமையாக அவிழ்த்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்தார்கள். ஆவுடைபுரத்து ஆண்கள் ஒட்டுமொத்தமாக மேலே போனார்கள், பந்தலைத் தாண்டி, புளியமரங்களைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியையும் தாண்டிப் போனார்கள், ரேடியோ செட்டில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது, இரண்டு பருந்துகள் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டன.

அந்த உயரத்தில் காற்று வேறு மாதிரி. அது ஆட்களை உருட்டியது, வேட்டிகளைப் பறித்தது, மேற்கே மலைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகத் தொடங்கியது. முதலில் பேங்க்காரர்தான் உடைந்தார். "கோலம்மா!" என்று அலறினார். அவ்வளவுதான், மடை திறந்தது. மாதக்கணக்காகப் பேசாத வாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து, பெண்டாட்டிகளின் பெயர்கள் வானத்திலிருந்து கொட்டின. வேலம்மாளும் பொன்னுத்தாயும் ஆவுடையம்மாளும் தங்கள் பெயரை அத்தனை சத்தமாக யாரும் கூப்பிட்டு அதுவரை கேட்டதில்லை. கூப்பிடக் கூப்பிட ஆட்கள் இறங்கினார்கள். புளியமரத்தில் சிலர், வைக்கோல் படப்பில் சிலர், நகைக்கடைக்காரர் எருக்குழியில்.

"ஏளா! ஏளா! ஏளா!"

அந்தக் குரல் செண்பகவடிவுக்குத் தெரியும். அது கத்திக்கொண்டே பந்தல் துணியைக் கிழித்துக்கொண்டு வந்து, ஒரு பெஞ்சில் பட்டு உருண்டு, அவள் காலடியில் மண்ணில் விழுந்தது. கோமதிநாயகத்துக்கு எலும்பு எதுவும் முறியவில்லை. முழங்கையில் சிராய்ப்பு, உதட்டில் மண். அவர் எழுந்து உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்து, தரையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை கொதித்தது. இத்தனை மாதம் ஏற்றி வைத்ததெல்லாம் இறங்கி அந்த உள்ளங்கையில் வந்து நின்றதுபோல இருந்தது.

சுற்றிலும் ஒரே களேபரம். பெண்கள் அழுதுகொண்டும் ஏசிக்கொண்டும் புருஷன்மார்களைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள். மாசானமுத்துவைக் காணவில்லை. தவசிக்கண்ணு விழுந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே, மேலேயிருந்து பார்க்கும்போது குளத்தங்கரை இடம் எப்படித் தெரிந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

கோமதிநாயகம் இன்னும் கையை விடவில்லை. மண் ஒட்டிய உதட்டால் சிரித்தார். அவள் காதருகே குனிந்து, அந்தப் பழைய மத்தியானக் குரலில், தணிந்து, குழைந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"ஏளா, வெயிலு என்னா அடி அடிக்கி. வீட்டுக்குப் போவமா?"

அவள் அவரைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள், தனக்குள் ஏதாவது எழும்புகிறதா என்று பொறுத்துப் பார்த்தாள். முன்னால் ஒரு மெத்தைக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார், சட்டைப் பித்தான் ஒன்று போயிருந்தது.

"எதுக்கு?" என்று கேட்டாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.